சென்னையில் காலேஜ் சேரப் போகிறவர்களுக்கு: ரிசல்ட்டிலிருந்து முதல் செமஸ்டர் வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு மத்தியானமே போன் வர ஆரம்பித்துவிடும். "இன்னும் கொஞ்சம் சீட்டுதான் சார் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க" என்று முன்பின் தெரியாத ஒரு குரல் அப்பாவிடம் பேசும். பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே சேர்ந்துவிட்டாள் என்று இன்னொரு பக்கம் பேச்சு வரும், வீட்டில் எல்லோருக்கும் பதற்றம் தொற்றிக்கொள்ளும். நான் இந்த வருடம்தான் சென்னையில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறும் முதல் ஆள் நான்தான் என்பதால் கூட இருந்து சொல்லித்தர யாரும் இல்லை, சீனியர் அக்காக்களிடமும் ஆபீஸ் வாசல்களிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: மே மாதத்தில் பயந்துபோய் எங்கேயும் பணம் கட்டாதீர்கள்.

தேதிகளின் வரிசையைப் பார்த்தாலே காரணம் புரியும். அரசுப் பணம் வாங்காமல் மாணவர் கட்டணத்திலேயே நடக்கிற சுயநிதி காலேஜ்கள் ரிசல்ட்டுக்கு முன்பே அப்ளிகேஷன் வாங்க ஆரம்பித்துவிடுகின்றன. அரசு உதவி பெறும் காலேஜ்களின் செலக்‌ஷன் லிஸ்ட் ரிசல்ட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வரும். அரசு கலைக் கல்லூரிகளின் கலந்தாய்வு மே கடைசியில் தொடங்கி ஜூனில் நடக்கும், இன்ஜினியரிங் கவுன்சலிங் ஜூலை வாக்கில்தான் தொடங்கும். ஆக, கட்டணம் அதிகமான சீட் முதலில் கண்ணில் படுகிறது, குறைவான சீட் கடைசியில்தான் கைக்கு வருகிறது. முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய தொகையைக் கட்டிவிட்டால், பின்னால் நல்ல சீட் கிடைத்தும் "கட்டின காசு போயிடுமே" என்று அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

அப்படியே கட்டிவிட்டாலும் பணம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் 15 நாள் முன்பாகவே விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கை சொல்கிறது. அதிகபட்சம் ஒரு சின்னத் தொகையைத்தான் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விலகினால் 90, 80, 50 சதவீதம் என்று படிப்படியாகக் குறையும், கடைசித் தேதி போய் 30 நாள் தாண்டினால் எதுவும் வராது. அசல் சான்றிதழ்களைக் காலேஜ் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. வாய்வார்த்தையாகக் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்றுதான் பதில் வரும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பணத்துக்கும் ரசீது வேண்டும். ரசீது தராமல் கேட்கும் பணத்துக்கு நன்கொடை என்று என்ன பெயர் வைத்தாலும், 1992-லேயே தமிழ்நாட்டில் அதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. "சீட் வாங்கித் தரேன்" என்று நடுவில் வருகிற ஆட்களிடம் அசல் மார்க் ஷீட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் வேலையை ரிசல்ட்டுக்கு முன்பே முடியுங்கள்

பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. அந்த நேரத்தைத்தான் இதற்குச் செலவிட வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று வேண்டியதெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போய் ஆன்லைனில் வரும். ரிசல்ட்டுக்குப் பிறகு போனால் ஊரே அங்கே நிற்கும்.

நான் போன மையம் ஆவடி பக்கம் ஒரு சின்ன அறை. எனக்கு முன்னால் ஓர் அம்மா, மகனுடைய ஆதார், ரேஷன் கார்டு, டி.சி. ஜெராக்ஸ் எல்லாம் ஒரு துணிக்கடைக் கவரில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கம்ப்யூட்டரில் இருந்த அண்ணன் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு "ஓ.டி.பி. சொல்லுங்க" என்றார். அந்த நம்பர் அந்த அம்மாவின் கணவருடையது. அவரோ கட்டட வேலையில், போன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு அந்த அம்மா வரிசையை விட்டு வெளியே போனார். அதனால் கிளம்பும்போதே ஆதாரில் பதிந்திருக்கிற போன் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த சிம் ரீசார்ஜ் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்து.

அடுத்த தலைவலி பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுவதுதான் சுலபம். உதவித்தொகை வரும்போது இது பெரிய தடையாக நிற்கும், அதனால் இப்போதே சரி செய்துவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு, போன வருடம் வாங்கியதை நம்பி இருக்க வேண்டாம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் உங்களுக்கு முன்னால் யாரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது, அண்ணன் அக்கா உட்பட. கவுன்சலிங் வழியாக இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்கு இதை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதால் யாருக்கு வாங்குவது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் அதற்கான சான்றை ஹெச்.எம்.மிடம் வாங்கி வையுங்கள், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அதுதான் ஆதாரம். டி.சி. வாங்கியதும் ஒரு பத்து செட் ஜெராக்ஸ் எடுத்து, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள். அசலை லேமினேட் செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் ஃபைல் போதும்.

இன்ஜினியரிங் போகிறவர்கள்

கட் ஆஃப், அதாவது தர வரிசைக்கான மார்க், 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கட் ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியாகத்தான் கம்ப்யூட்டர் போட்டுத் தருகிற ரேண்டம் நம்பர். அந்த நம்பரைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் நிறைய பேர், அவசியமே இல்லை.

காலேஜையும் பாடத்தையும் விருப்ப வரிசையில் குறிக்கிற சாய்ஸ் ஃபில்லிங்தான் எல்லாமே. 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன், எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். "இது நமக்குக் கிடைக்காது" என்று நீங்களே ஒரு காலேஜை விட்டுவிட வேண்டாம். மேலே போட்டது கிடைக்காவிட்டால் சிஸ்டம் அடுத்ததைப் பார்க்கும், உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. உண்மையான விருப்ப வரிசையில் போட்டு, போன வருடம் கடைசியாகச் சீட் கிடைத்தவரின் கட் ஆஃபை உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் பார்த்து, கிடைக்க வாய்ப்புள்ளவற்றையும் கீழே தாராளமாகச் சேருங்கள். பிரவுசிங் சென்டரில் வேறு யாராவது உங்களுக்காகச் சாய்ஸ் போட விடாதீர்கள், பாஸ்வேர்டையும் கொடுக்காதீர்கள். காலேஜை எப்போதும் கவுன்சலிங்கில் அதற்குக் கொடுத்திருக்கிற கோடு எண்ணை வைத்துத் தேடுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு காலேஜ் இருக்கும், ஒன்று நல்ல காலேஜ் என்றால் மற்றதும் அப்படித்தான் என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் அலாட்மென்ட் வந்ததும் சும்மா இருந்துவிடக் கூடாது. ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருப்பதா என்று குறித்த நேரத்துக்குள் பதில் கொடுக்காவிட்டால் சீட் கையை விட்டுப் போகும்.

சென்னை காலேஜ் என்று விளம்பரத்தில் இருக்கும். இடம் திருவள்ளூரைத் தாண்டியோ, செங்கல்பட்டு பக்கமோ, ஸ்ரீபெரும்புதூரிலோ இருக்கும். அதனால் கல்விக் கட்டணத்தோடு காலேஜ் பஸ் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, நான்கு வருடத்தால் பெருக்கிப் பாருங்கள். அப்போதுதான் உண்மையான செலவு தெரியும்.

ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ்

எங்கள் தெருவில் அரசுக் கல்லூரி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 தேசியத் தரவரிசையில் கல்லூரிகள் பிரிவில் இந்தியாவிலேயே மூன்றாவது இடம் பிடித்தது மெரினாவில் இருக்கிற மாநிலக் கல்லூரி, 1840-ல் தொடங்கியது. ராணி மேரிக் கல்லூரி 1914-ல் வந்தது. நந்தனம், வியாசர்பாடி, அண்ணா சாலையில் காயிதே மில்லத், பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி என்று சிட்டிக்குள்ளேயே அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அனுபவமுள்ள பேராசிரியர்கள் இருக்கிறார்கள். கட்டடமும் கழிவறையும் பல இடங்களில் சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் மூன்று வருடத்தில் வீட்டுக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மொழிப் பாடங்களை விட்டு நான்கு பாடங்களின் மார்க்கைக் கூட்டி 400-க்குத் தர வரிசை போடுவார்கள், பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை மட்டும் பார்ப்பார்கள். லிஸ்ட் ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனி, கலந்தாய்வுக்கு நேரில் போக வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்த ஹாலில் முன்னால் ஒரு பெரிய பலகை, அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை சீட் மிச்சம் என்று எழுதி, ஒருவர் எடுக்க எடுக்க அழித்து மாற்றிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் ரேங்க்கைக் கூப்பிடும்போது நீங்கள் நினைத்த பாடம் தீர்ந்திருக்கலாம். அந்த மேஜை முன்னால் நின்று யோசிக்க இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. கணிதம் இல்லையென்றால் புள்ளியியல், அதுவும் இல்லையென்றால் என்ன என்று மூன்று தேர்வுகளை வீட்டிலேயே முடிவு செய்து எழுதி எடுத்துப் போங்கள். அசல் டி.சி.யும் கட்டணமும் அன்றைக்கே கேட்பார்கள்.

லயோலா, எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், டபிள்யூ.சி.சி. (மகளிர் கிறித்தவக் கல்லூரி), எம்.சி.சி. (சென்னைக் கிறித்தவக் கல்லூரி), வைஷ்ணவா, விவேகானந்தா, நியூ காலேஜ் மாதிரி இடங்களில் அப்ளிகேஷன் தனித்தனி. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? டிகிரி ஒன்றுதான், வளாகம் ஒன்றுதான், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். பெரும்பாலும் உதவி பெறும் பிரிவு காலையிலும், சுயநிதிப் பிரிவு மத்தியானத்திலும் நடக்கும். மத்தியான ஷிஃப்ட் என்றால் முடியும்போது சாயங்காலம் ஆறு தாண்டலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வருகிற பெண் வீடு சேர எத்தனை மணி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் காலை ஏழரைக்குக் கிளம்பி வீட்டிலிருந்து அந்தக் காலேஜ் கேட் வரை ஒருமுறை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றும் தெரியாது. கேட்டில் ஐ.டி. கார்டோடு வருகிற அக்கா அண்ணன் யாரையாவது நிறுத்தி, "உங்க டிபார்ட்மென்ட்ல கிளாஸ் ஒழுங்கா நடக்குதா, எத்தனை சார் இருக்காங்க?" என்று கேளுங்கள். காலேஜ் வெப்சைட்டில் கிடைக்காத தகவல் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கும்.

தங்குவதும் போய்வருவதும்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அரசு விடுதிகளைப் பாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகள், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் என்று இருந்தவற்றுக்கு 2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். காலேஜில் சேர்ந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள், தாமதித்தால் இடம் நிரம்பிவிடும். பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) என்கிற தனியார் விடுதி என்றால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். சாயங்காலம் போய்த் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள், இரவுச் சாப்பாட்டை ஒருமுறை காசு கொடுத்துச் சாப்பிட்டும் பாருங்கள். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாவிட்டால் அம்மா உணவகம் இருக்கிறது, ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம்.

சாதாரணக் கட்டண மாநகர (எம்.டி.சி.) பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குப் பயணம் இலவசம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் காலேஜ் ஆபீஸில் சலுகைப் படிவம் வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்தால் மாணவர் சீசன் டிக்கெட் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். ஆபீஸில் இதைத் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

பையன்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். பஸ்ஸிலும் ரயிலிலும் 'ரூட்டு தல' என்று ஒருவனைத் தலைவனாக வைத்துக்கொண்டு ஒரே ரூட்டில் வருகிற பையன்களின் கூட்டம் ஒன்று உங்களைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். முதல் வாரத்தில் பாதுகாப்பு மாதிரி தெரியும், பாட்டும் தாளமுமாக இருக்கும். ஒருநாள் இன்னொரு காலேஜ் பையன்களோடு சண்டை வரும், அங்கே நின்ற எல்லோர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். பிறகு போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது அந்த வழக்கு குறுக்கே வந்து நிற்கும். முடிந்தால் வேறு பெட்டியில் ஏறுங்கள், இல்லையென்றால் அடுத்த ரயிலில் வாருங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் மாதம் கிளாஸில் பாதி புரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, சுற்றிப் பார்த்தால் பாதிக் கிளாஸுக்கு அப்படித்தான். இதற்கு எனக்கு மிகவும் உதவியது பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்தான். அதே புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பி.டி.எஃப்.ஆக இலவசமாகக் கிடைக்கிறது, கணக்கும் எடுத்துக்காட்டும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, தெரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனால் சார் பேசுவது காதில் ஏற ஆரம்பிக்கும். புரியாததைக் கிளாஸில் கேட்கக் கூச்சமாக இருந்தால் முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் போய்த் தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை வைத்தே படிக்கலாம், ஏ.சி.யும் உண்டு. எழும்பூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டர் 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடலாம், அதில் காய்ச்சல், கல்யாணம், பொங்கலுக்கு ஊருக்குப் போவது எல்லாம் அடக்கம். சென்னைப் பல்கலைக்கழக முறையில் காலேஜே போடுகிற இன்டர்னல் மார்க் 25, எழுத்துத் தேர்வு 75. எழுத்துத் தேர்வில் 30 எடுக்காவிட்டால் இன்டர்னல் முழுசாக இருந்தாலும் அரியர்தான், அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டும். தேர்வைத் தாங்களே நடத்துகிற தன்னாட்சிக் காலேஜ்களில் இந்தக் கணக்கு மாறும் என்பதால் முதல் வாரமே சிலபஸை டவுன்லோட் செய்து பாருங்கள். மெயின் பாடத்தைப் படித்துவிட்டுச் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி மாதிரிச் சின்னப் பேப்பர்களை விட்டுவிடுகிறவர்கள் மூன்றாம் வருடக் கடைசியில் அதில் அரியரோடு நிற்கிறார்கள். அது பாஸ் ஆகாமல் டிகிரி வராது.

ராகிங் என்று ஏதாவது நடந்தால் பொறுத்துப் போக வேண்டாம். 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் இதற்கென்றே சட்டம் வந்தது. யு.ஜி.சி.யின் இலவச உதவி எண் 1800-180-5522, போனில் சேமித்து வையுங்கள். அதே சமயம் எல்லா சீனியரையும் கண்டு பயப்படவும் வேண்டாம். எனக்குப் பழைய கேள்வித்தாள் கட்டையே தூக்கிக் கொடுத்தவர் ஒரு மூன்றாம் வருட அக்கா.

பணம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்ட்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. காலேஜ் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். ஸ்கூலில் திறந்து கொடுத்த பேங்க் கணக்கு பலருக்கு முடங்கிக் கிடக்கிறது. பேங்க்கில் போய்க் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். பணம் வராமல் நிற்கிறவர்களில் நிறைய பேருக்குக் காரணம் இதுதான்.

செமஸ்டர் முடிவில் தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அபராதம் இல்லாமல் கட்டுவதற்குச் சில நாள்தான் கிடைக்கும், வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் நடுவில் லீவும் விடுவார்கள், அதனால் முதல் நாளே கட்டிவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் பெயர், இனிஷியல், போட்டோ, ஒவ்வொரு பேப்பரின் குறியீடு எல்லாவற்றையும் சிலபஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் அன்றைக்கே டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி.யிடம் எழுதிக் கொடுத்து, காலேஜ் ஆபீஸில் திருத்தச் சொல்லுங்கள்.